அடுத்தவருக்கான நிகழ்ச்சி

ரேடியோ கேட்க லைசென்ஸ் வாங்கவேண்டும் என்று சொன்னால் என் பேரன் நம்புவதில்லை. “துப்பாக்கிக்குத்தானே தாத்தா லைசென்ஸ்?” என்கிறான். வருஷத்துக்கு 15 ரூபாய். தபால் ஆபீசில் கட்டினால், பாஸ்புத்தக அளவில் ஒரு சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் குத்துகிறவர் என் அப்பா. பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர் போஸ்ட்மாஸ்டர். எந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது, எந்த வீட்டில் இருந்தும் இல்லை என்று சாதிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓட்டுக்கு மேலே இரண்டு மூங்கிலுக்கு நடுவில் வலை ஏரியல் பளபளக்கும், வாசலில் நிற்கிறவர், “ரேடியோவா, நம்ம வீட்லயா?” என்பார். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று புரளி கிளம்பினால் மர்பி பெட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்பதுகளின் நடுவில் அந்தக் கட்டணத்தை அரசாங்கமே கைவிட்டது. இப்போது கேட்பது இலவசம். ஆனால் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற அளவுக்கு அதில் சரக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அந்த 15 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது திருச்சி வானொலி. 320.5 மீட்டர், அதாவது 936 கிலோஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்களும் தினமும் பலமுறை காதில் விழுந்து, இன்றைக்கு என் ஆதார் எண்ணைவிட நன்றாக ஞாபகத்தில் இருக்கின்றன. 1939 மே மாதம் தொடங்கிய நிலையம். விடிகாலையில் முதலில் அந்த முகப்பு இசை வரும். தம்பூராவுக்கு மேல் வயலின் எழும்பும் சிவரஞ்சனி. ஹிட்லரின் ஐரோப்பாவிலிருந்து தப்பி பம்பாய்க்கு வந்த செக் நாட்டு யூதர் வால்ட்டர் காஃப்மன் அமைத்த மெட்டு என்று பின்னால் படித்தேன். ப்ராகில் படித்த மனுஷர் ஒருவர்தான் எங்கள் தெருவில் அப்பாயியை எழுப்பி வாசல் தெளிக்கவைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மங்கள இசை, பக்திப் பாடல் எல்லாம் முடிந்து 6.55க்கு சமஸ்கிருதச் செய்தி. 1974-லிருந்து வந்தது. தெருவில் அதைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. ஆனாலும் ரேடியோவை யாரும் அணைக்க மாட்டார்கள். அணைத்துத் திரும்பப் போட்டால் வால்வு சூடாகிக் குரல் வருவதற்குள் 7.15 தமிழ்ச் செய்தியில் பாதி போய்விடும் என்ற பயம். டில்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமியின் குரல் கணீரென்று வரும். அவர் தன் பெயரைச் சொல்லும்போது அப்பா சட்டைக்குப் பொத்தான் போட ஆரம்பிப்பார். விளையாட்டுச் செய்தி வரும்போது செருப்பு மாட்டுவார். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்த நாளிலும் தபால் ஆபீஸ் நேரத்துக்குத் திறந்ததற்கு டில்லிதான் காரணம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் யாரும் யாரையும் பார்த்துக் கத்தியதில்லை. இன்றைக்குச் செய்திச் சேனலில் ஒரு பெட்டிக்குள் ஆறு பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். அதற்காக அந்தக் காலத்துச் செய்தியைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு மனசில்லை. அவசர நிலை நாட்களில் அந்தக் கணீர்க் குரல்களெல்லாம் இருபது அம்சத் திட்டத்தை மாற்றி மாற்றி வாசித்தன. எந்த ஊர்ச் சிறையில் யார் இருக்கிறார்கள் என்று வாசிக்கவில்லை. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்ததை பிபிசி பகலிலேயே சொல்லிவிட்டது. நம் ரேடியோ அதிகாரபூர்வமாக வாய் திறக்க மாலை ஆயிற்று. அன்றைக்கு அப்பா, தபால் ஆபீஸ் வாசலில் கூடியவர்களிடம், “கவர்மென்ட் ரேடியோ இன்னும் சொல்லலை, அதனால நானும் சொல்லலை” என்றார். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பகல் வேளை மாதர் நிகழ்ச்சி. கூழ்வற்றலுக்கு மாவு காய்ச்சும் பக்குவத்தை, பிறந்ததிலிருந்து வற்றல் போட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு ரேடியோ விளக்கும். அப்பாயி மோட்டுவளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்பாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி, கருத்தடை, ரத்தசோகை என்று நடுவில் ஒரு டாக்டரம்மா வந்தால் மட்டும் சிரிப்பு நிற்கும். வீட்டில் ஆண்கள் இருந்தால் சத்தம் குறையும், அணையாது. கல்வி ஒலிபரப்பு என்று ஒன்று பள்ளிக்கூடங்களுக்காக வந்தது. எங்கள் பள்ளிக்கும் ஒரு ரேடியோ இருந்தது. தலைமை ஆசிரியர் அதற்குப் பூப்போட்ட உறை தைத்து பீரோவில் வைத்துப் பூட்டி, ஆய்வாளர் வரும்போது மட்டும் எடுத்துத் துடைப்பார். சென்னை நிலையத்தில் அந்தக் கல்வி ஒலிபரப்பைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர் ‘மோகமுள்’ எழுதிய தி. ஜானகிராமன். தஞ்சாவூர்க்காரர் ஆக்கிக் கொடுத்ததைத் தஞ்சாவூர் ஜில்லாப் பிள்ளைகள் பீரோக் கதவு வழியாகக்கூடக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. அகிலன், மீ.ப. சோமு, சுகி சுப்பிரமணியன் எல்லோரும் ரேடியோவில் சம்பளம் வாங்கியவர்கள்தான். எழுத்தாளனுக்கு மாதாமாதம் காசு கொடுத்து நாற்காலி போட்ட ஓர் அலுவலகம் இந்த நாட்டில் இருந்தது என்பதே இப்போது கட்டுக்கதையாகத் தெரிகிறது.

எங்கள் ஊர்த் தமிழய்யாவுக்கு ஒருமுறை திருச்சியிலிருந்து பேச அழைப்பு வந்தது. அரசாங்க உறையில் வந்ததால் அப்பாவுக்குத்தான் முதலில் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தால் தையல்கடைக்குத் தெரியும், அப்புறம் ஊர். சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல், பத்து நிமிடம். பேச்சை முன்கூட்டியே எழுதி அனுப்பவேண்டும் என்று ஒப்பந்தத் தாளில் போட்டிருந்தது. நாற்பது வருஷமாக எழுதிவைக்காமல் பேசிப் பழகியவர். பத்து நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் என்று தெரியாமல், வீட்டுக்குள் நடந்தபடி படித்துப் பார்ப்பதும், பையன் கடிகாரத்தைப் பார்த்து “பதினாலுப்பா” என்பதும், அவர் இன்னொரு மேற்கோளை அடிப்பதுமாக ஒரு வாரம் ஓடியது. இந்தக் கால விருந்தோம்பலைக் கிண்டல் செய்ய ஒரு காப்பித்தூள் கம்பெனியின் பெயரை நடுவில் வைத்திருந்தார். திருச்சி நிலையத்தில் இருந்த அதிகாரி பேனாவால் அதைச் சுழித்து, “விளம்பரம் ஆகிடுங்க ஐயா” என்று ‘பானம்’ என்று மாற்றிவிட்டாராம். ஒலிப்பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தாளைச் சலசலக்கவிடாமல் நகர்த்தவேண்டும், இருமக் கூடாது, மேஜையைத் தட்டக் கூடாது. மேஜையைத் தட்டாமல் தமிழய்யா பேசியது வாழ்நாளில் அந்தப் பத்து நிமிஷம்தான்.

ஒலிபரப்பாகும் அன்று அவர் வீட்டுத் திண்ணையில் ஊரே இருந்தது. அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் ரேடியோவைப் பார்த்தார். குரல் வந்தது. கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டவர், “யார்ரா இவன், மூக்கால பேசுறான்?” என்றார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, “தினம் அப்படித்தான் பேசுறீங்க” என்றாள்.

இப்போது பேச விரும்புகிற எவரும் திருச்சிக்கு பஸ் ஏறவேண்டாம். பாட்காஸ்ட் என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் பேசலாம். அதில் முக்கால் மணி நேரம் “அப்புறம் ப்ரோ” என்பதும் இன்னொருவர் “கண்டிப்பா ப்ரோ” என்பதும். காப்பித்தூள் பெயரை அடிக்க அங்கே ஆளில்லை. காப்பித்தூள்காரர்தான் நிகழ்ச்சியை நடத்துகிறார். அதைக் கேட்கிற என் மகன் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கிறான். சொல்லவேண்டியதைப் பத்து நிமிஷத்துக்குள் சுருக்குவது பேசுகிறவன் பொறுப்பாக இருந்தது. இப்போது கேட்கிறவன் தலையில் விழுந்துவிட்டது.

சாயங்காலம்தான் எங்கள் ரேடியோவின் ராஜ்ஜியம். பஞ்சாயத்து ஆபீசின் ஒலிபெருக்கிக் குழாய் அரசமரத்தைப் பார்த்துக் கத்தும். விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. அதில் இரண்டு பாத்திரங்கள் நிச்சயம். ஒருவர் எல்லாம் தெரிந்த அண்ணன். இன்னொருவர் ஒன்றுமே தெரியாத தம்பி.

“என்ன தம்பி, வாட்டமா இருக்கீங்க?”

“பயிரு மஞ்சளடிச்சுப் போச்சுண்ணே, ஒண்ணுமே புரியலை.”

“கவலைய விடுங்க. நல்லவேளையா நம்ம வேளாண்மை அலுவலர் ஐயாவே இங்க வந்திருக்காங்க, கேட்ருவோம்.”

“அப்படிங்களா! வணக்கமுங்க ஐயா!”

வேளாண்மை அலுவலர் தினமும் தற்செயலாக அந்தப் பக்கமே வந்துகொண்டிருப்பார். எங்கள் ஊரில் நிஜ அலுவலரை நாற்று நட்டு அறுப்பு வரைக்கும் பார்க்க முடியாது என்பதால், இந்தக் காட்சிக்கு அரசமரத்தடியில் நல்ல சிரிப்பு எழும். சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கேட்டதைச் செய்தும் பார்த்தார்கள். தஞ்சாவூர் ஜில்லா தீவிர சாகுபடித் திட்டத்துக்குப் பொறுக்கி எடுக்கப்பட்ட ஜில்லா. அறுபதுகளின் நடுவில் திருச்சி வானொலியில் பண்ணைப் பிரிவு தனியாக வந்தது. ஆடுதுறை 27 என்ற புதுக் குறுவை ரகத்தை அது விடாமல் சொல்லிச் சொல்லி, விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்லு’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஆராய்ச்சி நிலையம் கொடுத்த எண் ஆபீஸ் பைலில் இருந்தது. களத்துமேட்டில் ரேடியோவின் பேர்தான். எந்த ஊடகமும் தன் பெயரில் ஒரு பயிரை விளைவித்ததாக நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. இத்தனை வாட்ஸ்அப் குழு இருந்தும் வாட்ஸ்அப் கத்தரிக்காய் ஒன்று இன்னும் காய்க்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த விவசாயிகளைப் பற்றியல்ல. அந்த நிகழ்ச்சியை எங்கள் தெருவில் காதில் வாங்கியவர்களில் பாதிப் பேருக்குக் கைப்பிடி நிலம் கிடையாது. தையல்கடை பாய்க்கு நிலமில்லை. ஆணியில் தொங்கும் டிரான்சிஸ்டரில் விளைபொருள் விலை நிலவரம் வரும்போது மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார். விருதுநகரில் உளுந்து ஏறினால் அவருக்கு என்ன? “நம்ம கஸ்டமருக்கு ஏறுதே. தீபாவளிக்கு எத்தனை சட்டை வரும்னு தெரியணும்ல” என்பார். அப்பாயிக்கும் நிலமில்லை. வரப்பில் போகும் மிராசுதார் மகனைத் திண்ணையிலிருந்தே கூப்பிட்டு, “என்ன தம்பி, யூரியாவ அள்ளிக் கொட்டிட்டியாமே. தழைச்சத்து மிஞ்சினா இலைச்சுருட்டுப் புழு வரும்னு முந்தாநேத்து ரேடியோவுல படிச்சுப் படிச்சு சொன்னாங்களே” என்பாள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி. அவனுக்குச் சுருக்கென்றிருக்கும்; பதில் சொல்ல முடியாது. அவன் அந்த நேரத்தில் சினிமாவுக்குப் போயிருந்தான்.

ரேடியோவில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு முகவரி எழுதியிருந்தது: பெண்களுக்கு, தொழிலாளருக்கு, சிறுவருக்கு, இளைஞருக்கு, உழவருக்கு. கடிதம் அவரவர் வீட்டுக்குத்தான் போகிறது என்று டில்லியும் திருச்சியும் நினைத்துக்கொண்டிருந்தன. இருந்தது ஒரே பெட்டி, அதுவும் கூடத்தில். எல்லோர் கடிதத்தையும் எல்லோரும் பிரித்துப் படித்தார்கள். மருந்தடிக்கும்போது காற்றுக்கு எதிராக நிற்காதே என்று விவசாயிக்குச் சொன்னது எனக்கும் தெரியும். கைக்குழந்தைக்கு எத்தனையாவது மாதம் திட உணவு என்று பெண்களுக்குச் சொன்னது, மீசை முளைக்காத என் அண்ணனுக்கும் தெரியும்.

மாலைச் செய்தியை ஒட்டி சில நாள் காணாமற்போனவர் அறிவிப்பு வரும். பெயர், வயது, உயரம், மாநிறம், இடது கன்னத்தில் மச்சம், கடைசியாக அணிந்திருந்தது கட்டம் போட்ட சட்டை, பேசும் மொழி தமிழ். உணர்ச்சியே இல்லாமல் வாசிப்பார்கள். அப்பாயி அதுவரை அரிந்துகொண்டிருந்த கீரையை வைத்துவிட்டுத் தெருவை ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். “பதினாலு வயசுப் புள்ள, எந்த ஸ்டேஷன்ல பசியோட கெடக்கோ” என்று யார் வீட்டுப் பிள்ளைக்கோ அன்றைய சோறு அவளுக்கு இறங்காது. இப்போது அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது, போட்டோவோடு. எனக்கு வந்த ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்துப் பதறி, கீழே இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். “கிடைச்சு மூணு வருஷம் ஆச்சு சார். பாப்பா ஸ்கூல் போறா. தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க” என்றார் அந்தக் குழந்தையின் அப்பா. ரேடியோவில் அறிவிப்பு ஒருமுறை காற்றில் போனால் போனதுதான். இதில் பிள்ளை வீடு திரும்பினாலும் அறிவிப்பு திரும்புவதில்லை.

இரவில் நாடகம். வால்வின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லோரும் பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். அதில் பார்க்க என்ன இருந்தது என்று தெரியாது. 9.15க்கு அப்பா மெதுவாகச் சிற்றலைக்கு முள்ளைத் திருப்பி லண்டனைத் தேடுவார். தமிழோசை. 1941-ல் லண்டனிலிருந்து தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு அது. அரசாங்க ஊழியர் என்பதால் அதைச் சத்தம் குறைத்துத்தான் கேட்பார். அந்தச் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு நின்றது.

தென்கச்சி கோ. சுவாமிநாதனைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சென்னை வானொலியில் 1988-ல் தொடங்கிய ‘இன்று ஒரு தகவல்’. வேளாண்மை படித்தவர், திருநெல்வேலி நிலையத்தில் உழவர் நிகழ்ச்சி செய்துவிட்டு வந்தவர். அரசமரத்தடிக்குப் பேசிப் பழகியதால்தான் ஊர் முழுக்கச் சிரிக்கும்போதும் அவர் சிரிக்காமல் பேச முடிந்தது என்பது என் கட்சி. 2009-ல் போய்விட்டார். அவர் கதைகள் இப்போதும் யூடியூபில் உலவுகின்றன, சிலவற்றில் பின்னணிக்கு வீணை சேர்த்து. வீணை சேர்த்தவருக்கு அவருடைய மௌனம் போதவில்லை.

இப்போதைய பண்பலைக்கு வருவோம். தனியார் பண்பலை நம் ஊர்களில் பேச ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நாள் முழுக்கப் பேச்சு. “சாப்டீங்களா, என்ன குழம்பு?” என்பதில் அவர்களுக்கு இருக்கும் அக்கறை சொந்தபந்தத்துக்குக்கூட இருக்காது. ஆனால் சொந்தமாக ஒரு செய்தி வாசிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து நெரிசல், வானிலை, பரீட்சை முடிவு, தண்ணீர் வராத அறிவிப்பு இவையெல்லாம் ‘செய்தி அல்ல’ என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே பாலத்தில் வண்டி நிற்கிறது என்று சொல்லலாம். பாலம் ஏன் பத்து வருஷமாகக் கட்டப்படுகிறது என்று சொல்லக் கூடாது. அன்றைக்கு அரசாங்கம் ஒரு ரேடியோவின் வாயைக் கட்டியிருந்தது. இன்றைக்கு எத்தனையோ ரேடியோக்களுக்கு வாயைத் திறந்துவிட்டு, குழம்பைப் பற்றிப் பேசிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. விதிவிலக்கும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-ல் தொடங்கிய 90.4 சமுதாய வானொலியில் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பெண்களே மைக்கைப் பிடித்துப் பேசினார்கள். விளம்பரக்காரருக்கு அது காதில் விழவில்லை.

மற்றபடி இப்போது எனக்கு வருவதெல்லாம் எனக்கானது மட்டுமே. ஒரு நாள் முழங்கால் வலிக்கு ஒரு டாக்டர் பேசியதைப் போனில் கேட்டேன். அன்றிலிருந்து உலகத்தில் முழங்காலைத் தவிர வேறு உறுப்பு இல்லை. முழங்காலுக்கு எண்ணெய், முழங்காலுக்கு ஆசனம், முழங்காலும் சனிப்பெயர்ச்சியும். பக்கத்து அறையில் என் மருமகளுக்கு அவளுக்கானது, பேரனுக்கு அவனுக்கானது. ஒரே வீட்டில் நாலு பேர் நாலு காதடைப்பான்களோடு, கடிதத்தை அவரவர் பெயருக்குப் பத்திரமாகப் பெற்றுக்கொள்கிறோம். முகவரி தப்புவதே இல்லை. மருமகள் தினம் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் நாகரிகமாகவும் இருக்காது. அப்பாயி இருந்திருந்தால் கேட்டிருப்பாள்.

பழைய மத்திய அலையைப் பிடித்துப் பார்க்கலாம் என்று ஒரு சின்ன ரேடியோ வாங்கினேன். கடைக்காரர் அதைத் தேடி எடுக்க ஏணி போட்டார். வீட்டில் 936க்குத் திருப்பினால் கரகரவென்று ஒரே இரைச்சல். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் ஒவ்வொன்றும் அந்த அலைவரிசையில் தன் பங்குக்குப் பேசுகிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தால் கேட்கும். வீட்டில் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். நாட்டில் பல மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடியும்விட்டார்கள். ஆனால் நியூஸ் ஆன் ஏர் என்ற ஆகாசவாணியின் செயலியில் இருநூறுக்கும் மேற்பட்ட வானொலிச் சேவைகள் இருக்கின்றன. கரகரப்பு இல்லை, லைசென்ஸ் இல்லை, மூங்கில் இல்லை. திருச்சியும் அதில் இருக்கிறது.

அதில் உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டைத் தேடவேண்டாம். அது வேறு இடத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு சாயங்காலம் விவசாய நிகழ்ச்சியைப் போட்டுக் கூடத்தில் சத்தமாக வையுங்கள், காதில் செருகாமல். நிலம் இல்லை என்று கூச்சப்படவேண்டாம். கேட்டுவிட்டு, நன்றாக இருந்தாலும் திட்டுவதற்கு இருந்தாலும், நிலையத்துக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போடுங்கள். கடிதம் வராத நிகழ்ச்சியைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.